ஒரு சென்ட்டில் எத்தனை மரம்?

(மோகனூர் வட்டார விவசாயிகளும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மோகனூர்க்காரர் ஒருவரிடம் அவருடைய கரும்பைப் பற்றிக் கேட்டால் கணக்கு மடமடவென்று வரும். பார் எத்தனை அடி, கரணை எத்தனை, ஏக்கருக்கு எத்தனை டன், போன பட்டத்தைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறை என்று எல்லாம் விரல் நுனியில் இருக்கும். வாழை என்றாலும் அப்படித்தான். அவருடைய வரப்பிலும் மேட்டுக்காட்டிலும் நிற்கும் தேக்கைப் பற்றிக் கேட்டுப் பார்த்தால் பதில் ஒரே வரியில் முடிந்துவிடும்: "முந்நூறு மரம் நிக்குதுங்க." சுற்றளவு என்ன, ஒன்றையொன்று எவ்வளவு நெருக்குகின்றன, போன வருஷம் எவ்வளவு பெருத்தது என்று மேலே கேட்டால், பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்ப்பார். மர வியாபாரி வந்து தோப்பைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு ஒரு தொகை சொல்வார். பேரம் அந்தத் தொகையிலிருந்துதான் தொடங்கும்.

இந்த ஊருக்கு மரக்கணக்கு புதிதாக வேண்டியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மோகனூரில் கூட்டுறவு சர்க்கரை ஆலை. காவிரியின் எதிர்க்கரையில், கரூர் மாவட்டம் புகளூர்ப் பக்கம், காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வதற்கென்றே 1979-ல் தொடங்கிய நிறுவனம் அது. 1984-ல் உற்பத்திக்கு வந்தது. இக்கரையில் மேலே போனால் பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை, அது 1960-ல் தொடங்கியது. சக்கை மட்டும் போதாமல் இரண்டுக்கும் மரக்கூழும் தேவைப்படுகிறது. காகிதபுரம் ஆலை 2004-05 முதல் விவசாயிகளின் நிலத்தில் சவுக்கும் தைலமரமும் வளர்க்கும் திட்டத்தை நடத்திவருகிறது. சவுக்கு லாரி இந்தச் சாலைகளுக்குப் புதிதல்ல. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் தொழிலும் பலகையைக் கேட்டே வளர்ந்தது.

இந்த மரமெல்லாம் எங்கிருந்து வரும்? காட்டிலிருந்து வராது. அந்தக் கதவு 1996 டிசம்பர் 12-ஆம் தேதி சாத்தப்பட்டது. கூடலூர் காடுகளில் நடந்த மரவெட்டை எதிர்த்து நிலம்பூரைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அன்று நாடு முழுமைக்கும் உத்தரவு போட்டது. தமிழ்நாட்டுக்கென்று அதில் தனிப்பகுதியே உண்டு. வனப்பகுதிகளில் மரம் வெட்டுவதற்கு முழுத்தடை, நட்டு வளர்த்த மரங்களுக்கு மட்டும் விலக்கு என்பது அதன் சாரம். ஆக, இந்த மாநிலத்தின் மரத்தேவையில் பெரும்பகுதியை இனிப் பட்டா நிலம்தான் சுமக்க வேண்டும். 2021-ல் மாநில அரசு தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வை இயக்கம் தேக்கு, மகாகனி, செம்மரம், வேங்கை என்று கன்றுகளை விவசாய நிலங்களுக்கு இலவசமாகவே தந்தது.

மரம் காட்டை விட்டுக் கழனிக்கு வந்துவிட்டது. மரத்தை அளக்கும் வித்தை மட்டும் கூடவே வரவில்லை; அது வனத்துறை அலுவலகத்திலும் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியிலும் கோயம்புத்தூர் வன மரபியல் ஆராய்ச்சி நிலையத்திலும் தங்கிவிட்டது. கன்று கொடுக்கும் திட்டங்கள் நட்டது எத்தனை, பிழைத்தது எத்தனை என்றே கணக்கெடுக்கின்றன. பிழைத்ததில் எதை, எப்போது, எவ்வளவு வெட்டிக் கலைப்பது என்ற கேள்விக்கு அந்தப் பதிவேட்டில் கட்டமே கிடையாது. மரவளர்ப்புத் திட்டங்களின் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. இந்த உரை முழுவதும் அந்த ஒரு கட்டத்தைப் பற்றித்தான்.

நெருக்கம் என்றால் என்ன என்பதை முதலில் பார்க்கலாம். இரண்டு தேக்குத் தோப்புகள். இரண்டும் ஒரு ஏக்கர், இரண்டிலும் 400 மரம். முதல் தோப்பில் மரங்கள் 30 சென்டிமீட்டர் சுற்றளவு, இரண்டாவதில் 60 சென்டிமீட்டர். எண்ணிக்கை ஒன்றுதான் என்பதால் நெருக்கமும் ஒன்று என்று சொல்ல முடியுமா? ஒவ்வொரு மரத்தையும் நெஞ்சு உயரத்தில் குறுக்கே அறுத்ததாக நினைத்து, அந்த வட்ட முகங்களின் பரப்பையெல்லாம் கூட்டினால் முதல் தோப்பில் 2.9 சதுர மீட்டர் வரும், இரண்டாவதில் 11.5 சதுர மீட்டர். சுற்றளவு இரட்டித்தபோது நெருக்கம் நான்கு மடங்காகிவிட்டது. முதல் தோப்பில் ஊடுபயிராக உளுந்து எடுக்கலாம். இரண்டாவதில் தரைக்கு வெயில் வருவதே கடினம். வனவியலார் இந்தக் கூட்டுத்தொகையை அடிப்பரப்பு என்கிறார்கள். எண்ணிக்கை, சுற்றளவு இரண்டையும் ஒரே எண்ணில் சொல்லிவிடுவதுதான் அதன் சௌகரியம்.

அடர்த்தி என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்திய வன ஆய்வு நிறுவனம் இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கையில் 'மிக அடர்ந்த காடு' என்றால் 70 சதவீதமோ அதற்கு மேலோ தரை விதானத்தால் மூடப்பட்டது என்று பொருள். 40 முதல் 70 வரை நடுத்தரம், 10 முதல் 40 வரை திறந்த காடு. அது செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்த நிழற்கணக்கு. நிழலுக்கு அடியில் விரல் பருமன் கம்பும் இருக்கலாம், கட்டிப்பிடிக்க முடியாத மரமும் இருக்கலாம்.

மரத்தை எண்ணி, பருமன் வாரியாகப் பிரித்து, அதன் பிறகே வெட்டை முடிவு செய்யும் பழக்கம் நம் பக்கத்துக்கு வந்த கதையும் சுவையானது. 1856-ல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேற்றவர் டீட்ரிக் பிராண்டிஸ், ஜெர்மனியின் பான் நகரத்துத் தாவரவியலாளர். எல்லையே தெரியாத காட்டில் எத்தனை தேக்கு இருக்கிறது என்பது அவருக்கு முன் நின்ற முதல் கேள்வி. முழுக்க எண்ணுவது முடியாத காரியம். காட்டின் குறுக்கே கோடு பிடித்தாற்போல், பெரும்பாலும் யானை மீதமர்ந்து போய், இருபுறமும் கண்ணுக்குத் தெரிந்த தேக்குகளைப் பருமன் வாரியாக நான்கு வகுப்பாகப் பிரித்தார். கையில் வகுப்புக்கு ஒன்றாக மூங்கில் குச்சிகள். மரம் தென்படத் தென்பட அந்தந்தக் குச்சியில் கத்தியால் ஒரு வெட்டு. ஆறடி சுற்றளவுக்கு மேற்பட்டது முதல் வகுப்பு. மழையில் தாள் நனைந்தாலும் மூங்கிலில் விழுந்த வெட்டு அழியாது. இரண்டாம் வகுப்பு மரம் முதல் வகுப்பாக வளர எத்தனை ஆண்டு பிடிக்கிறதோ, அதற்குத் தக்கபடிதான் முதல் வகுப்பை வெட்டலாம் என்பது அவர் போட்ட கணக்கு. அதே பிராண்டிஸ் 1864-ல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளர் ஆனார். 1880-களின் தொடக்கத்தில் சென்னை மாகாணக் காடுகளைச் சுற்றிப் பார்த்து 1883-ல் நீண்ட அறிக்கையும் எழுதினார். காட்டை மக்களிடமிருந்து பிரித்தெடுத்த ஆட்சியின் கருவியும் இந்தக் கணக்குதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆட்சி கெட்டதாக இருந்தாலும் அளவை நல்லதாக இருக்கலாம். அளவையை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

பட்டா நிலத்துக்கு யானை வேண்டாம், கயிறு போதும்.

நம் நிலக்கணக்கு சென்ட்டில் ஓடுகிறது என்பது இங்கே பெரிய வசதி. ஒரு ஏக்கர் நூறு சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வட்டத்தின் பரப்பு அவ்வளவு வர வேண்டுமானால் ஆரம் 11 அடி 9 அங்குலம். தோப்புக்குள் ஒரு முளை அடித்து, அதில் 11 அடி 9 அங்குலக் கயிற்றைக் கட்டி ஒரு சுற்றுச் சுற்றி, அதற்குள் விழும் மரங்களை எண்ணினால் ஒரு சென்ட்டின் கணக்கு கிடைத்துவிடும். அதை நூறால் பெருக்கினால் ஏக்கர் கணக்கு. நாலடிக்கு நாலடி நட்ட சவுக்கில் இந்த வட்டத்துக்குள் 27 மரம்வரை வரும். ஏக்கருக்கு 2,700 என்று உடனே சொல்லிவிடலாம். நட்டபோது கணக்கு 2,722. வட்டத்துக்கு வட்டம் 20, 21 என்றே வந்துகொண்டிருந்தால் நாலில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம்.

தேக்குக்கு இந்தச் சின்னக் கயிறு உதவாது. பன்னிரண்டடி இடைவெளியில் நட்ட தோப்பில் ஒரு சென்ட் வட்டத்துக்குள் மூன்று மரம் வர வேண்டும். முளை அடித்த இடத்தைப் பொறுத்து இரண்டும் வரும், நான்கும் வரும். நூறால் பெருக்கினால் 200-க்கும் 400-க்கும் நடுவே ஊசலாட வேண்டியதுதான். அங்கே கயிறு 37 அடி 3 அங்குலம். அது பத்து சென்ட் வட்டம், பத்தால் பெருக்கினால் போதும். ஒரு வட்டத்தோடும் நிறுத்தக் கூடாது. தோப்பின் ஓரத்தில் ஒரு பக்கம் வெயிலும் வாய்க்கால் ஈரமும் கிடைக்கும் மரங்கள் கொழுத்திருக்கும்; உள்ளே நிற்பவை ஒல்லியாக இருக்கும். வியாபாரியை முதலில் எந்தப் பக்கமாக அழைத்துப் போக வேண்டும் என்பது விற்பவருக்குத் தெரியும். அளப்பவர் அந்தத் தந்திரத்தைத் தனக்குத்தானே செய்துகொள்ளாமல் இருக்க, வட்டங்களின் இடத்தை வீட்டிலேயே காகிதத்தில் புள்ளி வைத்துக்கொண்டு போவது நல்லது. தோப்பில் நின்று தேர்ந்தெடுத்தால் கால் தானாக நல்ல மரத்தை நோக்கித்தான் நடக்கும்.

வட்டத்துக்குள் எண்ணியாயிற்று. அடுத்தது சுற்றளவு. எல்லா மரத்தையும் ஒரே உயரத்தில் அளக்க வேண்டும். இந்திய வனத்துறை நாலரை அடியை, அதாவது 1.37 மீட்டரை, நெஞ்சு உயரமாக வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் அது 1.3 மீட்டர். சரிவில் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். நாலரை அடியில் முடிச்சு இருந்தால் கொஞ்சம் மேலே தள்ளி அளக்க வேண்டும். டேப்பு தொய்யக் கூடாது, சாயவும் கூடாது. தையற்காரர் டேப்பே இதற்குப் போதும்.

பத்து சென்ட் வட்டத்துக்குள் 32 தேக்கு, ஒவ்வொன்றும் 55 சென்டிமீட்டர் சுற்றளவு என்று வைத்துக்கொள்ளலாம். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி 12.57 ஆல் வகுத்தால் ஒரு மரத்தின் குறுக்குப் பரப்பு 241 சதுர சென்டிமீட்டர். 32 மரத்துக்கு 0.77 சதுர மீட்டர். ஏக்கருக்கு 7.7, ஹெக்டேருக்கு 19. மரங்கள் ஒரே பருமனாக இல்லாவிட்டால் சராசரி எடுத்துப் பெருக்கக் கூடாது. தனித்தனியே பெருக்கிப் பிறகு கூட்ட வேண்டும். சராசரிக் கணக்கில் பெரிய மரத்தின் பங்கு குறைந்துபோகும்.

இத்தனை பெருக்கலும் வேண்டாம் என்பவருக்காக ஒரு குறுக்குவழி உண்டு. ஆஸ்திரிய வனவியலாளர் வால்டர் பிட்டர்லிக் 1948-ல் வெளியிட்டது. இரண்டு சென்டிமீட்டர் அகல அட்டைத் துண்டு ஒன்று, அதைக் கண்ணிலிருந்து சரியாக ஒரு மீட்டர் தூரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு நூல். தோப்புக்குள் ஓரிடத்தில் நின்று, அட்டையை நீட்டிப் பிடித்து ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். நெஞ்சு உயரத்தில் அட்டையைவிட அகலமாகத் தெரியும் மரத்தை எண்ண வேண்டும். அட்டைக்குள் மறைந்துபோகும் மரத்தை விட்டுவிட வேண்டும். சரிசமமாகத் தெரிவது அரை. கடைசியில் கிடைக்கும் எண்தான் ஹெக்டேருக்கு இத்தனை சதுர மீட்டர் என்ற அடிப்பரப்பு. டேப்பு, கயிறு, வகுத்தல் எதுவும் இல்லை.

முதல்முறை கேட்பவருக்கு இது மாந்திரீகம் போல இருக்கும். விஷயம் எளிது. அட்டையின் அகலமும் தூரமும் ஒன்றுக்கு ஐம்பது. ஆகவே ஒரு மரம் தன் விட்டத்தைப் போல் ஐம்பது மடங்கு தூரத்துக்குள் இருந்தால்தான் எண்ணிக்கையில் வரும். ஒவ்வொரு மரமும் தனக்கென்று ஒரு வட்டத்தை வரைந்துகொள்கிறது. பெரிய மரத்துக்குப் பெரிய வட்டம், சிறியதற்குச் சிறியது. மரத்தின் குறுக்குப் பரப்பு அந்த வட்டத்தில் எப்போதும் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு ஹெக்டேர் பத்தாயிரம் சதுர மீட்டர். எனவே எண்ணிய ஒவ்வொரு மரமும், பருமன் எதுவானாலும், ஒரு சதுர மீட்டருக்குச் சமம். மேலே சொன்ன 55 சென்டிமீட்டர் தேக்குக்கு விட்டம் பதினேழரை சென்டிமீட்டர், எல்லை 8.75 மீட்டர். அந்தத் தோப்பில் அட்டையோடு சுற்றினால் ஏறக்குறைய 19 மரம் எண்ணிக்கையில் வரும். கயிற்றுக் கணக்கும் அட்டைக் கணக்கும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைக் கல்லூரி மாணவர்கள் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும். பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பதைவிட அது மேல்.

இந்த 19 நல்லதா கெட்டதா? அது மரத்தையும் நோக்கத்தையும் பொறுத்தது.

தேக்கு வெளிச்சத்துக்கு ஏங்கும் மரம். பக்கத்து மரத்தின் கிளை உரசினால் அதன் தலைப்பகுதி சுருங்கும். தலை சுருங்கினால் தண்டு பருக்காது. மத்திய அமெரிக்கத் தேக்குத் தோட்டங்களில் அடிப்பரப்பு ஹெக்டேருக்கு 20 சதுர மீட்டரை ஒட்டி வரும்போது கலைக்க வேண்டும் என்று வழிகாட்டினார்கள். அந்த அளவுகோலை வைத்தால் நம் உதாரணத் தோப்பு வாசலில் நிற்கிறது. முதலில் சொன்ன 400 மரம், 60 சென்டிமீட்டர் தோப்பு 28-ஐத் தாண்டி எப்போதோ மூச்சு முட்டிப்போயிருக்கும். இந்தியாவில் இதற்கான அடிப்படை நூல் 1940-ல் லாரியும் சந்த் ராமும் வெளியிட்ட தேக்கு விளைச்சல் அட்டவணைகள். நிலத்தின் தரம் இது, மரத்தின் பருமன் இது என்றால் ஏக்கருக்கு இத்தனை மரம்தான் நிற்கலாம் என்று அதில் எண் உண்டு. அதற்கு வேண்டிய அனுபவம் ஏறத்தாழ நூறு ஆண்டு முன்பே நிலம்பூரில் தொடங்கிவிட்டது. மலபார் கலெக்டர் எச்.வி. கொனோலியும் அவருக்குத் துணைநின்ற சாத்து மேனோனும் 1840-களில் போட்ட தேக்குத் தோட்டம் உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டங்களில் ஒன்று. கொனோலி பெயரில் இன்றும் ஒரு தோப்பு அங்கே நிற்கிறது.

வனத்துறையின் வழக்கமான முறை இது. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் நட்டால் ஏக்கருக்கு ஆயிரத்துச் சொச்சம் கன்று. நாலைந்து ஆண்டில் மூலைவிட்ட வரிசைகளில் ஒன்று விட்டு ஒன்றை எடுத்துவிடுவார்கள், பாதி போய்விடும். எட்டுப் பத்து ஆண்டில் மிஞ்சியதில் மீண்டும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை. இப்போது நாலு மீட்டருக்கு நாலு மீட்டர், ஏக்கருக்கு 250 மரம். இதுவரை மரத்தின் முகத்தைப் பார்ப்பதில்லை, வரிசைதான் கணக்கு. அதன் பிறகே கோணல், நோஞ்சான், இரட்டைத் தண்டு, நுனி முறிந்தது என்று ஆள் பார்த்துக் கழிப்பது. கடைசி அறுவடைக்கு ஹெக்டேருக்கு இருநூறுக்கும் கீழே, அதாவது ஏக்கருக்கு எண்பதுக்கும் குறைவாக நின்றால் போதும். ஆயிரத்தில் தொடங்கி எண்பதில் முடிகிறது.

இந்த ஆயிரத்தையும் எண்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்லாமலே 1990-களில் ஒரு வியாபாரம் நடந்தது. அப்போது செய்தித்தாள் வாங்கியவர்களுக்குத் தேக்கு விளம்பரங்கள் ஞாபகம் இருக்கும். சில ஆயிரம் ரூபாய் கட்டினால் உங்கள் பெயரில் ஒரு கன்று, இருபது ஆண்டில் லட்சங்கள். சென்னையில் தொடங்கிய அனுபவ் பிளாண்டேஷன்ஸ் அவற்றில் பிரபலமானது. 1998-ல் அது நொடித்துப்போய் முதலீட்டாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். மறு ஆண்டு பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி இத்தகைய கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது. ஏமாற்று எது, நிர்வாகக் கோளாறு எது என்பதெல்லாம் நீதிமன்றத்துச் சமாச்சாரம். வனவியல் கண்ணால் பார்த்தால், மரத்துக்கு ஒரு சொந்தக்காரர் என்று விற்ற கணத்திலேயே கணக்கு உடைந்துவிட்டது. ஆயிரம் பேருக்கு ஆயிரம் மரம் விற்றபின் எந்தத் தொள்ளாயிரம் பேருடைய மரத்தை வெட்டிக் கலைப்பது? ஒருவருடையதையும் வெட்டாவிட்டால் ஆயிரமும் கம்பாகவே நிற்கும்.

சவுக்குக்கு இந்த நியாயம் பொருந்தாது. காகித ஆலை எடை போட்டு டன் கணக்கில் வாங்குகிறது. அதற்கு ஒரு மரம் பருத்ததா, நாலு மரம் மெலிந்ததா என்பது பெரிய கவலை இல்லை. கட்டடச் சாரத்துக்கும் வாழை முட்டுக்கும் நேரான, ஒல்லியான கம்புதான் வேண்டும். நெருக்கி நட்டால்தான் சவுக்கு நேராக ஓங்கும். நாலைந்து ஆண்டில் ஒரேயடியாக வெட்டுவதால் நடுவே கலைக்கும் வேலையும் இல்லை. நெருக்கத்தை நடும் நாளிலேயே தீர்மானித்துவிட வேண்டும். மூன்றடிக்கு மூன்றடி என்றால் ஏக்கருக்கு 4,840. ஐந்தடிக்கு ஐந்தடி என்றால் 1,742. மிக நெருக்கினால் மரங்களே தங்களுக்குள் கலைத்துக்கொள்ளும், தோற்றது காய்ந்து நிற்கும். அமெரிக்காவில் ரைனெக்கே 1933-லும், ஜப்பானில் யோடாவும் கூட்டாளிகளும் 1963-லும் இந்தத் தானாகச் சாகும் கணக்குக்குச் சூத்திரமே எழுதினார்கள். சராசரிப் பருமன் கூடக் கூட நிற்கக்கூடிய எண்ணிக்கை இன்ன வேகத்தில் குறையும் என்று சொல்லும் சூத்திரங்கள் அவை. காசு கொடுத்து வாங்கிய கன்று, தண்ணீர் பாய்ச்சிய கன்று, நிழலில் காய்ந்து விறகாவது வீண் செலவு.

மலைவேம்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கும். கூழுக்கு என்றால் பத்தடி இடைவெளி, ஏக்கருக்கு 435. பிளைவுட் ஆலைக்குத் தோல் உரிக்கும் கட்டையாக விற்க வேண்டுமானால் பதினாறடிவரை போகலாம். ஏக்கருக்கு 170 தான் தேறும். இரண்டுக்கும் ஆசைப்பட்டுப் பத்தடியில் நட்டு, கலைக்காமலே பிளைவுட் விலை எதிர்பார்ப்பவர்கள் நிறையப் பேர். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி பல ஆண்டுகளாக ஆலையையும் விவசாயியையும் ஒப்பந்தத்தில் இணைத்துவைக்க முயல்வதன் ஒரு பயன், எதற்காக நடுகிறோம் என்ற கேள்வி நடுவதற்கு முன்பே எழுந்துவிடுவதுதான்.

கலைக்கச் சொன்னால் விவசாயிக்குக் கை வராது. "நல்லா நிக்கிற மரத்த எப்படிங்க வெட்டறது?" என்பார். இதைக் கேட்பவர் கொடிக்கால் வைத்திருப்பவராக இருந்தால் பதில் அவருடைய தோட்டத்திலேயே இருக்கிறது. காவிரிக்கரை வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை நெருக்கி விதைத்து, பன்னிரண்டு பதின்மூன்றடி வந்ததும் நுனியை ஒடித்து, கொடிக்கு வேண்டிய வெயிலுக்குத் தக்கபடி அகத்தியைக் கழித்துக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே அகத்தியை வெட்ட யாரும் தயங்குவதில்லை. கொடிக்காகவே அகத்தி என்பது தெளிவாக இருப்பதால் தயக்கம் எழுவதில்லை. தேக்கில் எது கொடி, எது அகத்தி என்று பெயின்ட் டப்பாவோடு போய் முதலிலேயே குறித்துவிட்டால் பாதித் தயக்கம் தீர்ந்துவிடும். வெட்ட வேண்டியதைக் குறிப்பதைவிட, கடைசிவரை நிற்க வேண்டியதை முதலில் குறிப்பது மேல். அந்த எண்பதும் முடிவாகிவிட்டால் அவற்றை நெருக்குவது எது என்பது தானே தெரியும்.

குறியிடுவது இலை இருக்கும்போது. மொட்டை மரத்தில் எதன் தலை எதை நெருக்குகிறது என்பது தெரியாது. வெட்டுவது தை, மாசியில் இலை கொட்டியபின். விழும் மரம் பக்கத்து மரத்தை அடிக்காமல் பார்த்து விழவைக்கவும் அப்போது வசதி. தேக்கின் அடிக்கட்டையை விட்டால் துளிர்த்துக் கொத்தாகக் கிளம்பும். அதை ஒடித்துவிடாவிட்டால் இரண்டு மழைக்குள் எடுத்த நெருக்கம் திரும்பவும் வந்துவிடும். கலைத்த கம்புக்கு மரவாடியில் பெரிய விலை கிடைக்காது. இளந்தேக்கில் வைரம் குறைவு, வெள்ளை அதிகம். வேலிக்கால், பந்தல்கால், வாழை முட்டு என்று உள்ளூரிலேயே போய்விடும். வெட்டுக்கூலி வந்தால் போதும் என்ற எண்ணத்தோடு இறங்குவது நல்லது. முதல் கலைப்பில் லாபம் காட்டுகிறவர் பெரும்பாலும் நல்ல மரத்தை விற்று நோஞ்சானை நிறுத்திவைத்தவராக இருப்பார். அந்தத் தவறு கடைசி அறுவடையில் வட்டியோடு திரும்பும்.

வரப்பில் ஒற்றை வரிசையாக நிற்கும் தேக்குக்கு வட்டமும் ஏக்கரும் பொருந்தாது. இருபக்கமும் வெயில் கிடைப்பதால் அது தோப்பு மரத்தைவிட வேகமாகப் பருக்கும், கிளையும் அதிகம் விடும். அங்கே பார்க்க வேண்டியது பக்கத்து மரத்தின் கிளையோடு கிளை கோத்துக்கொண்டதா என்பதைத்தான். ஆறடியில் நட்டிருந்தால் ஒன்று விட்டு ஒன்றை எடுக்க வேண்டிய நாள் சீக்கிரமே வரும். பயிரின் மேல் விழும் நிழலைப் பற்றி அடுத்த காட்டுக்காரரே ஞாபகப்படுத்துவார்.

இனி விற்பனை. நிற்கும் மரத்தின் கன அளவை அடிப்பரப்பிலிருந்தே தோராயமாகச் சொல்லலாம்: அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கி, மரம் மேலே போகப் போக மெலிவதற்காக 0.4 முதல் 0.5 வரை ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். அது பேரத்தைத் தொடங்குவதற்கு. வெட்டி விழுந்த கட்டையை மரவாடி அளக்கும் முறை வேறு. கட்டையின் நடுவில் கயிற்றைச் சுற்றி, அதை நான்காக மடித்து, மடிப்பின் நீளத்தை அதே நீளத்தால் பெருக்கி, கட்டையின் நீளத்தாலும் பெருக்குவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எட்வர்ட் ஹோப்பஸ் என்பவர் அச்சிட்ட அட்டவணையின் வழியாகப் பேரெடுத்த கால்சுற்று முறை இது. இன்றும் நம் மரவாடிகளில் கன அடி என்றால் இதுதான்.

நாற்பது அங்குலச் சுற்றளவு, பத்தடி நீளக் கட்டை என்று வைத்துப் பார்க்கலாம். நாலில் ஒன்று பத்து அங்குலம். பத்தைப் பத்தால் பெருக்கி, பத்தடியால் பெருக்கி, 144 ஆல் வகுத்தால் 6.94 கன அடி. உருளையின் உண்மையான கன அளவு 8.84. நூற்றுக்கு இருபத்தொன்று கணக்கில் வரவில்லை. அறுக்கும்போது சதுரமாக்குவதில் போகும் சேதாரத்துக்கு ஈடு என்று வியாபாரிகள் சொல்வார்கள். விலையே கால்சுற்றுக் கன அடிக்குத்தான் பேசப்படுகிறது என்றால் அதில் தவறும் இல்லை. தவறு, அதே கட்டைக்குப் பட்டை, கோணல், அடிப்பகுதி என்று மறுபடியும் ஒரு கழிவு விழும்போது. கயிறு நடுவில் சுற்றப்பட்டதா, மெலிந்த முனையில் சுற்றப்பட்டதா என்பதும் பார்க்க வேண்டியது. சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்குவதால் கயிற்றில் இரண்டு அங்குலம் குறைந்தால் அந்தக் கட்டை 6.94-லிருந்து 6.27-க்கு இறங்கிவிடும். தோப்பை ஏற்கெனவே அளந்து வைத்திருப்பவர் விலை பேசும்போது கையில் ஒரு நோட்டோடு வருவார். ஒவ்வொரு கட்டைக்கும் வியாபாரி சொல்லும் எண்ணுக்குப் பக்கத்தில் தன் எண்ணையும் எழுதிக்கொள்வார். லாரியில் ஏற்றி முடித்தபின் கூட்டிப் பார்ப்பதைவிட, கட்டை தரையில் கிடக்கும்போதே இரண்டு எண்களையும் ஒத்துப் பார்ப்பது எளிது.